நடிகர் கண்டுபிடித்த தண்ணீர் மெஷின்

மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருபவர், ஷூ ஃபேக்டரியில் தோல் தரம் பிரிப்பவர். ஒல்லியான ஆள். வலது கட்டைவிரல் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். மாட்டுத் தோலில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக்கடித் தழும்பும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். பேசும்போதுகூட சீட்டையோ கம்பியையோ தடவிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி ஃபோனை நீட்டினார். பிரபல நடிகர் ஒருவர், தோல் தொழிற்சாலைக் கழிவுநீரைக் குடிநீராக்கும் மெஷினுக்கு பேட்டன்ட் வாங்கிவிட்டாராம். பாலாற்றங்கரை ஊர்களுக்கு இலவசமாம்.

"நீ கம்ப்யூட்டர்ல வேல பாக்குற. நெஜமான்னு பாத்து சொல்லு தம்பி. எங்க கெணத்துத் தண்ணிய மாடுகூட குடிக்கல. நெலத்த வித்துடலாம்னு இருந்தேன். இது வந்ததும் நிறுத்தி வச்சிட்டேன்."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு தழும்புக்காக முழுத் தோலையே ஒதுக்குகிறவர் இதை எப்படி நம்பினார்?

பேட்டன்ட் பதிவேட்டில் தேடினேன். நடிகர் பெயரில் ஒன்றுமில்லை. மறுநாள் பஸ்ஸில் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. ஃபோன் திரையைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார்.

"தோலா இருந்தா கண்டுபுடிச்சிருப்பேன்," என்றார். பிறகு, "சரி, அவரு இல்லன்னா வேற யார்னா வாங்கியிருப்பாங்க. அதத் தேடிப் பாரேன்."

தேடினேன். யார் யார் பெயரிலோ அப்படிப்பட்ட மெஷின்கள் வரிசையாக வந்தன. ஒன்றுகூட அவர் கிணற்றுப் பக்கம் வந்ததில்லை.

தினமும் கேட்கிறார்.

"தேடினு இருக்கேன்ணா," என்கிறேன்.