ஆற்றுக்கு ஆரத்தி

எங்கள் கடைக்கு வருகிற மோட்டாரை மூக்கருகே கொண்டுபோனாலே அந்த வருஷம் எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். மழை இல்லாத வருஷம் என்றால் கருகல் வாசனை. போர்க்கிணற்றில் தண்ணீர் கீழே இறங்கிவிட, வெறும் காற்றை இழுத்து இழுத்துச் சூடேறி, உள்ளே இருக்கிற செம்புக் கம்பியெல்லாம் தீய்ந்து வரும். மழை கொட்டிய வருஷம் என்றால் சேற்று வாசனை. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரைத் திறந்தால் வண்டல் இருக்கும், சில சமயம் ஒரு நத்தையும் இருக்கும். ரேணிகுண்டாவில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் கடை. பழுது பார்ப்பது என் வீட்டுக்காரர், புதுக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவது நான். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் இந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடி, வருகிறவர்கள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டது.

ஒரு நாள் இரண்டு பேர் ஒன்றாக வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் மேற்கே பலமநேர் பக்கத்து மேட்டு நிலத்துக்காரர், கருகிய மோட்டாரோடு வந்திருந்தார். மற்றவர் காளஹஸ்தி பக்கம், சுவர்ணமுகிக் கரை. வெள்ளத்தில் மூழ்கிய மோட்டாரை மாதக்கணக்கில் மூலையில் போட்டுவிட்டு அப்போதுதான் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"உனுக்கு இன்னாப்பா, தண்ணி வந்துச்சி, போச்சி. எங்களுக்கு அது வர்ற வழியே தெரியாது" என்றார் மேட்டுக்காரர்.

"போவும்போது சும்மாவா போச்சி? என் எருமைய இல்ல இஸ்துகினு போச்சி."

"நீ எருமை போன அன்னிக்கு ஒரு நாள் அழுதே. நாங்க தீனி இல்லாம தெனமும் அது மூஞ்சியப் பாத்து அழுதுகினு கீறோம்."

"அப்போ மாத்திக்கலாமா? நீ என் கொல்லைக்கு வந்துடு, நான் உன் மேட்டுக்கு வந்துடறேன்."

மேட்டுக்காரர் டீயை ஒரு வாய் உறிஞ்சி, நன்றாகவே யோசித்தார். "வேணாம்பா. எனுக்கு நீச்சல் தெரியாது."

நான் கம்பியைச் சுற்றிக்கொண்டே, "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் இன்னா, மொழம் இன்னா" என்றேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். போகும்போது மேட்டுக்காரர் கையை விரித்து, "ஏம் சேஸ்தாம்மா" என்று தெலுங்கில் சொன்னார். என்ன செய்வது அம்மா என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேச்சு இந்த ஒரு வார்த்தையில்தான் போய் முடியும்.

செல்போன் வந்த பிறகு எச்சரிக்கைக்குப் பஞ்சமில்லை. சித்திரையில் அனல் காற்று வீசும், வெளியே போகாதீர்கள் என்று வரும். ஆனியில் இடி விழும், மரத்தடியில் நிற்காதீர்கள் என்று வரும். ஐப்பசி பிறந்தால் புயல், தாழ்ந்த இடங்களில் இருக்காதீர்கள். எல்லாமே தெலுங்கில், எல்லாவற்றுக்கும் ஒரே மணிச் சத்தம். எது பெரியது, எது சின்னது என்று அந்த மணிக்குத் தெரியாது. வெயிலுக்குப் பயந்தால் மரத்தடிக்குப் போக வேண்டும், இடிக்குப் பயந்தால் மரத்தடியை விட்டு ஓட வேண்டும். "அப்போ எங்கதான் நிக்கறது?" என்று என் வீட்டுக்காரர் போனைப் பார்த்துக் கேட்பார்.

என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது பிச்சாட்டூர் அணைக்குக் கீழே, ஆரணியாற்றங்கரையில். ஆற்றங்கரை என்று பேர்தான். கல்யாணமாகிப் போனபோது அங்கே ஆறு என்று ஒன்று இல்லை, மணல்தான் இருந்தது. அக்கா தேங்காய் ஓட்டால் மணலைத் தோண்டி, ஊறுகிற தண்ணீரை மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக் கொண்டுவருவாள். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு ஊர்க்கதை முடிந்துவிடும் என்பாள். அப்படி வாழ்ந்தவளிடம் போய்த் தண்ணீருக்குப் பயப்படு என்றால் என்ன சொல்வாள்? "பசிச்சவன்கிட்ட போயி அஜீரணத்தப் பத்தி சொல்றியேடி" என்பாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அணையில் கதவைத் தூக்கி ஆற்றில் தண்ணீர் வந்தால், பொம்பளைகள் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, வளையல் வைத்துக்கொண்டு கரைக்குப் போவார்கள். வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி ஆரத்தி சுற்றி, மஞ்சளைத் தண்ணீரில் போடுவார்கள். கூடவே புருஷன் போய், கடைசிப் படியில் தண்ணீர் படுகிற இடத்தில் தேங்காய் உடைக்க வேண்டும். படிக்கு மேலே உடைத்தால் கணக்கில்லை, ஆறு அதைத் தொட வேண்டும். எப்போதோ ஒரு வருஷம் வருகிற ஆறு. ஊருக்கு அது பிறந்த வீட்டுக்கு வருகிற பெண். "வந்தவள வாசல்ல நிக்க வச்சிட்டு உள்ள உக்காந்துகினு இருப்பாங்களா?" என்று அக்கா கேட்பாள். எங்கள் நைனா வேறு மாதிரி சொல்வார்: "நெருப்புக்கு வழி வுடு, தண்ணிக்கு எடம் வுடு." அக்கா அதைக் கேட்டுத் தலையாட்டுவாள். ஆனால் வளர்ந்தது நைனாவின் பேச்சில், வாழ்ந்தது அந்த மணலில் அல்லவா.

ஒரு வருஷம் கார்த்திகையில் மழை விடவே இல்லை. கடலில் ஒன்று ஓய்ந்தால் அடுத்தது கிளம்பியது. சுவர்ணமுகி பொங்கி எங்கள் கடைக்குள்ளேயே கணுக்கால் அளவு தண்ணீர். மோட்டார்களை மேஜைமேல் ஏற்றிவிட்டு, நானும் அவரும் முறத்தாலும் பக்கெட்டாலும் வாரி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தோம். காலை நேரம். அப்போது அக்கா வீடியோ கால் போட்டாள்.

"தண்ணி வந்துடுச்சிடி. த பாரு, எப்டி வர்றா அவ."

போனைத் திருப்பிக் காட்டினாள். நான் பார்த்தது ஆறு இல்லை. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் செம்மண் நிறத்தில் ஒரே ஓட்டம், நடுவில் ஒரு புளியமரம் வேரோடு போய்க்கொண்டிருந்தது. அக்காவைச் சுற்றி ஊர்ப் பொம்பளைகள், கையில் தட்டு, தலையில் பிளாஸ்டிக் கோணி. ஆரத்தித் தட்டுக்கு ஒருத்தி குடை பிடித்திருந்தாள், தான் நனைந்துகொண்டு.

"அக்கா, மைக்குல சொல்லலியா, கரைக்குப் போவக்கூடாதுன்னு?"

"சொன்னாங்க, சொன்னாங்க. ஆட்டோ வந்து கத்திட்டுத்தான் போச்சி. தோ, ஒரு மஞ்சளப் போட்டுட்டு வந்துடப் போறோம்."

மாமா படியில் நின்றிருந்தார், அக்காவின் வீட்டுக்காரர். வேட்டியை மடித்துக் கட்டி, கையில் தேங்காய். என் குரலைக் கேட்டுத் திரும்பி, போனைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா கொழுந்தியா, உனுக்கும் ஒரு கொடம் புடிச்சி அனுப்பட்டா?"

"இங்கயே ரொம்பிக் கெடக்குது மாமா. மேல வாங்க மொதல்ல."

"தோ, ஒடச்சிட்டு வந்துட்டேன்" என்று அடுத்த படியில் கால் வைத்தார். அந்தப் படி இருந்தது. அதற்குக் கீழே மண் இல்லை. மணல் அள்ளி அள்ளிக் கரை உள்ளே குடைந்து போயிருந்ததும், மேலே படி மட்டும் தட்டு மாதிரி நின்றிருந்ததும் பிறகுதான் தெரிந்தது. அப்போது நான் கண்டது, தேங்காயை ஓங்கிய கையும், பாதி திரும்பிய முகமும். படம் அப்படியே நின்றுவிட்டது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

நெட் போய்விட்டது என்று நினைத்தேன். மழையில் எப்போதும் போவதுதானே. போனை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, மறுபடியும் முறத்தை எடுத்துத் தண்ணீர் வாரினேன். வாரிய தண்ணீர் வாசல் வழியாகத் திரும்பி வந்துகொண்டே இருந்தது.

பகல் முழுக்க அக்காவுக்கு லைன் கிடைக்கவில்லை. மத்தியானத்துக்கு மேல் புத்தூரில் இருக்கிற ஒரு தூரத்துச் சொந்தம் சொல்லித்தான், படியோடு மாமாவும் ஆற்றில் போனது தெரிந்தது. உடனே கிளம்பினோம். புத்தூர் தாண்டி ஒரு தரைப்பாலத்தில் தண்ணீர் இடுப்பளவு போய்க்கொண்டிருந்தது. கயிறு கட்டி ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டார். அவர் தெலுங்கில், "உங்களையும் தேட ஆள் வேணுமா?" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். அவர் பூட்ஸிலும் தண்ணீர் இருந்தது. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். அக்கா அந்தப் பக்கம் இருந்தாள். இடையில் போனது அவள் வருஷக்கணக்காக வேண்டிக்கொண்ட தண்ணீர்.

மாமாவைக் கீழே தமிழ்நாட்டுப் பக்கத்தில் ஒரு கருவேல முள்ளில் கண்டெடுத்தார்கள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள், தங்கள் வீட்டு வேட்டியைப் போர்த்திக் காவல் இருந்திருந்தார்கள்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒப்பிட்டுத்தான் ஆறுதல் சொன்னார்கள். வேறு என்ன சொல்ல முடியும்? ஒருவர், "எங்க ஊர்ல இடி வுழுந்து கெடக்கற ஆள அடையாளமே தெரியல. உனுக்கு மொகமாவது கெடச்சிது" என்றார். இன்னொருத்தி கடலோரத்துச் சொந்தத்தில் புயலுக்குப் போனவர்கள் கதையைச் சொன்னாள். மேட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர், "எங்க பங்காளி கடன்பட்டு போர் போட்டு, தண்ணி வரலன்னு மருந்து குடிச்சிட்டான்" என்று சொல்லித் தானே அழுதார். அக்கா ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையாட்டினாள். எனக்கு அந்தச் சாண், முழம் பழமொழி வாய் வரைக்கும் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். சாணில் நிற்கிறவன் யார், முழத்தில் நிற்கிறவன் யார் என்று தெரியாமல் எத்தனை தடவை அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"எங்க ஊருக்கே வந்துடுக்கா" என்று கூப்பிட்டேன்.

"உன் கடையில கணுக்கால் தண்ணி நின்னுது இல்ல?"

"அப்போ என் மாமியார் ஊருக்குப் போலாம். மேட்டு நெலம், வெள்ளமே வராது."

"அங்க லாரித் தண்ணிக்கு கொடத்தோட நிக்கணும். நான் நின்ன நிப்பு போதாதா?" என்றாள். பிறகு மெதுவாக, "எங்க போனாலும் எதுனா ஒண்ணு வாயத் தொறந்துகினுதான்டி கீது. இது எனுக்குத் தெரிஞ்ச வாய்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் பொய்த்துப் போயிற்று. ஆறு மறுபடி மணலாயிற்று. ஒரு நாள் அக்கா பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்த ஒரு மோட்டார் கடைக்கு வந்தது. மாமா வாங்கிய மோட்டார். திறந்தால் கருகல் வாசனை. அவருடைய நெல்லைக் காப்பாற்றிய கம்பியைப் பிய்த்துப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றினேன். கை வேலை செய்தது. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை இல்லாமலே ஸ்க்ரூவை எடுத்து எடுத்து வைத்தார்.

போன ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்றாம் நாளே அக்கா கூப்பிட்டாள்.

"கதவத் தூக்கிட்டாங்கடி. தண்ணி வந்துகினு கீது."

"நீ ஊட்டவுட்டு வெளிய போவாத."

"நான் எங்க போறேன்? தாலி இல்லாதவ தட்டத் தொட முடியுமா? ஊர்ல ஒருத்தியும் கெளம்பல. பயந்துகினு ஊட்லயே கீறாளுங்க. வந்தவள யாரும் வான்னு சொல்லலன்னா, திரும்ப வருவாளா? ரெண்டு வருசமா எரிஞ்சி போய்ட்டோம். நீ வந்து மஞ்சளப் போட்டுட்டுப் போ."

"அக்கா, அது மாமாவ..."

"தெரியும். நான்தான பாத்துகினு நின்னேன்."

என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போகாதே என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "படியில மட்டும் எறங்காத" என்றார்.

புத்தூர் பஸ்ஸில் போனேன். மடியில் மஞ்சள் பொட்டலம். வழியெல்லாம் ஏரிகள் நிரம்பிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் எல்லோர் முகத்திலும் ஒரு தெளிவு. ஒரு கிழவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி மழையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போன்களில் அந்த மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.

அக்கா தட்டைத் தயாராக வைத்திருந்தாள். தான் தொடக்கூடாது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணை விட்டு அடுக்கச் சொல்லியிருந்தாள். வளையல் பச்சை நிறம், ஆற்றுக்குப் பிடிக்கும் என்று அவள் எப்போதும் வாங்குகிற பச்சை. இரண்டு பேரும் நடந்தோம். முன்பு படி இருந்த இடத்தில் இப்போது படி இல்லை, கரை செங்குத்தாக வெட்டிக்கொண்டு நின்றது. கீழே அதே செம்மண் ஓட்டம், போன தடவை அளவு இல்லை. இல்லையென்று எனக்குத் தோன்றியது. அதை யார் அளந்தார்கள்?

கரைமேல் இருந்த ஒரு வேப்பமரத்துக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். கற்பூரம் மழையில் பற்றவில்லை. அக்கா எனக்குப் பின்னால் நின்று, என் முந்தானையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். மாட்டைக் கயிற்றில் பிடிப்பதுபோல.

மஞ்சளை எடுத்து வீசினேன். அது தண்ணீரில் விழவில்லை. கரைச் சேற்றிலேயே விழுந்து, மழையில் கரைந்து, மெதுவாக மஞ்சள் கோடாகச் சரிந்து இறங்கியது. ஆறு அதைத் தொட வேண்டும். இன்னும் இரண்டு அடி வைத்தால் போதும். என் கால் தானாக ஒரு அடி எடுத்ததை நானே பார்த்தேன்.

முந்தானை இறுகியது.

"அங்கியே நில்லு" என்றாள் அக்கா. "அங்க இருந்தே போடு. வேணும்னா அவ வந்து எடுத்துக்கட்டும்."