வருகைப் பதிவேட்டில் இல்லாத என் தம்பி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். தம்பி மறைந்து இன்றோடு ஓராண்டு. பதினான்கு ஆண்டுகள் வழக்குக் காகிதங்கள் அவரை 'எதிரி' என்றும் 'அவன்' என்றுமே எழுதின. எனக்கு இளையவர் ஆனாலும் இங்கே 'அவர்' என்றே எழுதுகிறேன்.

ஆம்பூரை அடுத்த எங்கள் காலனியில், ஐந்து பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டி வேலைக்கு வந்தார். அங்கே ஆள் கணக்கு எழுதுபவன் நான்.

அதே தொட்டியில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரரின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்த அன்று தம்பிக்கு வார விடுமுறை. பக்கத்து வீட்டுக்காரரின் டோக்கனில் தம்பி போய் வேலை செய்தார். வராவிட்டால் வேலை போய்விடும் என்பதால், இப்படி ஆள் மாறிச் செய்வது எங்களுக்குள் வழக்கம். 'பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், தம்பி விடுமுறை' என்று வருகைப் பதிவேட்டில் எழுதியது என் கை.

அதே பகலில் ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் இருவரைக் கொன்றுவிட்டார்கள். போலீஸ் நேரே காலனிக்கு வந்தது. தம்பியின் லுங்கியில் ரத்தக் கறை. பச்சைத் தோல் தூக்குகிறவர் லுங்கியில் வேறு என்ன இருக்கும்?

கோர்ட்டில் அரசு வக்கீல் பதிவேட்டைக் காட்டினார். "கையெழுத்து உங்களுதா?"

"என்னுதுதாங்க."

"அன்னிக்குப் பொய் எழுதினீங்களா, இல்ல இன்னிக்குப் பொய் சொல்றீங்களா?"

பக்கத்து வீட்டுக்காரர் உண்மையைச் சொன்னார். தொட்டியில் கூட நின்ற பதினொரு பேரும் சொன்னார்கள். எல்லாரும் ஒரே காலனி, ஒரே சாதி என்று ஒதுக்கிவிட்டார்கள். கொலை நடந்த வீட்டருகே தம்பியைப் பார்த்ததாகச் சொன்ன ஆறு பேரும் ஒரே ஊர்த்தெரு, ஒரே சாதி. அது தீர்ப்பில் இல்லை. தூக்கு என்றார்கள். உயர் நீதிமன்றமும் அதையே சொன்னது.

வேலூர் சிறையில் முந்நூற்றுப் பன்னிரண்டு முறை மனுப் போட்டுத் தம்பியைப் பார்த்தேன். ஒருமுறை அதுவரையிலான கணக்கைச் சொன்னபோது தம்பி சிரித்தார். "எண்ணாதண்ணே. நீ எண்ணித்தான் நான் இங்க வந்தேன்." பிறகு அவரே, "இன்னா மூஞ்சி சுருங்குது? நாந்தானே அப்டி எழுதச் சொன்னேன். அன்னிக்குப் பொறந்த பொண்ணு ஸ்கூல் போவுதா?" என்று கேட்டார்.

உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே சிறுநீரகம் பழுதாகிக் காலமானார்.

முப்பதாம் நாள் படையல் முடியும்வரை வாசல் தாண்டக் கூடாது என்பது எங்கள் முறை. நாள் தவறாமல் எண்ணி, முப்பத்தொன்றாம் நாள் வக்கீலிடம் போனேன்.

"ஆள் எறந்தா அப்பீலும் முடிஞ்சிடும்; எறந்த முப்பது நாளுக்குள்ள மனு போட்டிருந்தா, தம்பிக்காக நீங்களே கேஸை நடத்தியிருக்கலாமே ஐயா," என்றார்.

காகிதங்கள் டெல்லி போய்ச் சேர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று. தாமதத்தைப் பொறுக்கக் கேட்ட மனு தள்ளுபடியானது. தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரருக்கும், சிறை வாசல்வரை உடன் வந்தவர்களுக்கும், கூண்டேறிய பதினொரு பேருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அந்தப் பதினொரு பேரில் இன்று இருப்பவர்கள் நால்வர். அவர்களை இனி எந்தக் கோர்ட்டும் கூப்பிடாது.