பெருநாள் அன்று நாலு மணி ஆட்டம்

அந்த வருடம் நோன்பு இருபத்தொன்பதோடு முடிந்துவிடும் என்று நான் நம்பினேன். பிறை எவனுக்கும் முன்கூட்டியே வாக்குக் கொடுப்பதில்லை என்பது ஐம்பத்திரண்டு வயதில் எனக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினேன். நம்ப வைத்தது என் கைப்பேசியில் இருந்த ஒரு செயலி. வியாழக்கிழமை சூரியன் மறைந்த பிறகு பிறை எந்த இடத்தில், எவ்வளவு நேரம் நிற்கும் என்று அது படம் போட்டுக் காட்டியது. பிறகென்ன, வெள்ளிக்கிழமை பெருநாள். சனிக்கிழமை ஊரே வட்டிலப்பம் தின்று களைத்துப்போய்ப் பொழுதுபோக்குத் தேடும் நாள்.

எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்துக்கு நான் செயலாளர். மற்ற நேரத்தில் சைக்கிள் உதிரிப்பாகக் கடை நடத்துகிறேன். லீக் அலுவலகத்திலிருந்து கடைசி ஆட்டத்துக்கான நாள் வந்தது: சனிக்கிழமை, மாலை நாலு மணி, எங்கள் மைதானம். ஆட்சேபனை உண்டா என்று கேட்டிருந்தார்கள். ஒருவரையும் கேட்காமல் உடனே பதில் போட்டேன். "ஆட்சேபனை இல்லை. பிறையோடு கதைத்துவிட்டேன்." பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. என் பகிடிகளில் இவ்வளவு செலவு வைத்தது வேறொன்றும் இல்லை.

அது சும்மா ஆட்டமும் இல்லை. லீக்கில் இருந்து ஒரு கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டும். அது நாங்கள், அல்லது அன்று எங்களோடு ஆட வரும் சிலாபம் பக்கத்துக் கழகம். வென்றால் நாங்கள் நிற்போம். சமநிலை என்றாலும் இறங்குவது நாங்கள்தான். இந்த லீக்கில் ஆடுபவர்கள் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆடுபவர்கள். இரண்டாம் பிரிவில் ஒப்பந்தம் என்ற ஒன்றே கிடையாது. இறங்கும் கழகத்தின் பொடியன்கள் அந்த மாதத்தோடு வேறு வேலை தேட வேண்டும்.

வியாழக்கிழமை நோன்பு திறந்த கையோடு, உப்பளத்துக்கு அந்தப் பக்கம் களப்புக் கரைக்குப் போனேன். நாற்பது ஐம்பது பேர் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வானம் அடிவரை சாம்பல் பூசியிருந்தது. நான்தான் முதலில் கண்டேன். "அந்தா" என்று கையை நீட்டினேன். ஆறேழு பேர் என் விரலின் வழியே பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்கள். ஒருவர் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லவே வாயைத் திறந்துவிட்டார். நான் வியர்வை துடைக்க மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். பிறையும் சேர்ந்து கழன்றது. கண்ணாடியில் ஒரு கீறல்.

கொழும்பு அறிவிப்பு வானொலியில் வந்தது. நாட்டில் எங்கும் பிறை தென்படவில்லை. நாளை முப்பதாவது நோன்பு. சனிக்கிழமை பெருநாள்.

சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே வானொலியை அணைத்தேன். மனைவியிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் பிறையக் கண்டுதான் பெருநாள் எடுக்கிற. நீங்க பெருநாள எடுத்துட்டுப் பிறையத் தேடுறீங்க."

அன்று இரவு படுக்கையில் கிடந்து என் எதிர்காலத்தை ஒழுங்காகப் பார்த்து முடித்தேன். பெருநாள் அன்று பந்தடிக்க வைத்த மனிதன் என்று ஊர் பேசும். மூத்த மகளைப் பெண் கேட்டு வரும் வீட்டார் வாசலில் நின்று, "இது அந்தச் செக்கரட்டரிட வீடா?" என்று கேட்டுவிட்டுத் திரும்புவார்கள். கடைக்கு ட்யூப் ஒட்ட வருகிறவன்கூட வேறு கடைக்கு உருட்டிக்கொண்டு போவான். கடைசியில் என் ஜனாஸா அடக்கத்துக்குச் சந்தாக்குப் பெட்டியைத் தூக்க நாலு பேர் தேவை. மூன்று பேர்தான் வருவார்கள். அந்த நாலாவது ஆளை எங்கே பிடிப்பது என்று யோசித்துக்கொண்டே விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பினேன்.

வெள்ளிக்கிழமை காலை லீக் அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்தவர் சிங்களத்தில் மிக அன்பாகக் கதைத்தார். விடுமுறை நாள் என்றால் இன்னும் நல்லதுதானே, சனம் கூடுதலாக வருமே என்றார். நான் மதம், மரியாதை, மனித உரிமை என்று எனக்குத் தெரிந்த கனமான சொற்களையெல்லாம் இறக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், பிறையோடு கதைத்துவிட்டேன் என்று" என்றார். அந்த மஞ்சள் முகத்தைப் பற்றியும் கேட்டார். பிறகு ஒரு வழி சொன்னார். இரண்டு கழகங்களும் இன்று மாலைக்குள் தள்ளிவைக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினால் தள்ளிவைக்கலாம். ஒரு கடிதம் மட்டும் வந்தால் ஆட்டம் ஆட்டம்தான்.

உடனே அந்தச் சிலாபம் பக்கத்துக் கழகத்தின் செயலாளரை அழைத்தேன். கத்தோலிக்கர், கரைவலை இழுக்கும் மீன் வாடி வைத்திருக்கிறார். என் வயதுதான் என்றாலும் என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் அழைப்பார். வருடத்துக்கு இரண்டு முறை எதிரெதிரே நின்று கத்திவிட்டு ஒன்றாகப் பிளேன்டீ குடிக்கும் பழக்கம்.

"பெருநாளா? அதென்ன கேக்கிறது, நானா? எங்கட நத்தார் பண்டிகைக்கு வந்து ஆடுங்க எண்டா நீங்க வருவீங்களா?"

"வரமாட்டம்" என்றேன். உண்மையில் வந்திருப்போம்.

"சரி. நான் இண்டைக்கே கடிதம் போடுறன். நீங்களும் போடுங்க. பொடியன்களுக்கும் சொல்லிடுறன், நாளைக்கு ஆட்டமில்ல எண்டு. வட்டிலப்பத்த மறந்துடாதீங்க."

பாரம் இறங்கியது. ஜும்ஆத் தொழுகைக்கு முன் மைதானத்துக்குப் போனேன். எங்கள் கோல் காப்பாளர் மட்டும் தனியாகச் சுவரில் பந்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். உடப்பு என்ற இந்துக் கடற்கரை ஊர்க்காரர். முப்பத்து நாலு வயது. இந்த லீக்குக்கு வந்தபோது படகை விற்றுவிட்டு வந்தவர்.

"தம்பி, நாளைக்கு ஆட்டமில்ல. தள்ளிவைக்கிறம்."

"ஏன் நானா?"

"ஏன் எண்டு கேக்கிற? பெருநாள். மனிசனுக்கு வருசத்தில ஒரு நாளாவது வேண்டாமா? பந்து என்ன, இன்னொரு நாளும் உருளும்."

அவர் பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"போன வருசம் எங்கட தீமிதிப்பு அண்டு கொழும்பில ஆட்டம். நான் விரதம். வேற ஆளப் போடுங்க எண்டு உங்களிட்டத்தான் வந்து கேட்டன். என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னன்?"

"'சாமி அடுத்த வருசமும் வரும், இந்த ஆட்டம் வராது' எண்டீங்க. பஸ்ஸில எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சன்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன். கோபம் இல்லை. நேற்று மழை பெய்தது என்று சொல்வதைப்போலச் சொன்னார்.  நான் அப்படிச் சொன்னேன். எந்த இருக்கையில் இருந்து சொன்னேன் என்பதுகூட ஞாபகம் வந்தது. அதை ஊருக்கெல்லாம் நல்ல பகிடியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லியும் இருக்கிறேன்.

"தள்ளிப்போட்டா எப்ப வைப்பாங்களோ தெரியாது நானா. எங்கட டீமில ஆடுற அந்த ரெண்டு வெளிநாட்டுக்காரனும் அடுத்த கிழமை போறாங்க. அவங்க இல்லாம நாங்க வெல்ல ஏலா. ஆடுறதெண்டா நாளைக்கு ஆடணும். நான் சொல்றதச் சொல்லிட்டன்."

பெருநாளிலும் பேக்கரியில் பாண் சுடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் தாதி நிற்கிறாள். பஸ் ஓடுகிறது. பந்தடிப்பது ஒருவனுக்குத் தொழில் என்றால், அதை ஏன் விளையாட்டு என்று தனியே எடுத்துவைக்கிறோம்? அல்லது அது இன்னொரு நாளும் உருளக்கூடிய வெறும் பந்துதான் என்றால், உடப்பு மனிதனுக்கு மட்டும் ஏன் அன்று உருண்டே ஆக வேண்டியிருந்தது? ஜும்ஆவுக்கு உட்கார்ந்திருந்தபோது குத்பாப் பிரசங்கம் காதில் விழவில்லை, இதுதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆடலாமா கூடாதா என்பதல்ல, ஆடுகிறவனைக் கேட்டோமா என்பதுதான் கேள்வி என்று இன்று எழுதும்போது தெளிவாக இருக்கிறது. அன்று அந்தத் தெளிவு இருக்கவில்லை. 

தொழுகை முடிந்து மௌலவியைப் பிடித்தேன். பெரிய பேச்சு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு, பெருநாள் அன்று ஆட்டம் என்று சொன்னேன்.

"எத்தன மணிக்கு?"

"நாலு."

"காலையில அதே மைதானத்திலதான் தொழுகை. மத்தியானம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகலாம். அஸரத் தொழுதுட்டு ஆடுங்க. இதுக்கா இப்படி வேர்க்கிறீங்க?"

"ஊர் என்ன சொல்லும் மௌலவி?"

"ஊர் டிக்கட் இரிக்கா எண்டு கேக்கிது. என்னட்ட மூணு பேர் கேட்டாச்சு. எதுக்கும் ஆடுற புள்ளைகளயும் அதுகள்ர வீட்டிலயும் கேட்டுப் பாருங்க. பெருநாள் அவங்களுக்கும்தான்."

இந்த முறை கேட்டேன். ஒவ்வொருவரையும் அழைத்துக் கேட்டேன். ஒருவனுடைய உம்மா, மகனைக் கொடுக்காமல் தொலைபேசியை வாங்கி, பந்தல் போடுவீர்களா, வெயிலில் இருக்க முடியாது என்றார். எல்லோரும் ஆடுவோம் என்றார்கள். இரவு முழுக்க நான் புதைத்து முடித்த என்னை ஊர் சாதாரணமாக எழுப்பிக் கடைக்கு அனுப்பியது. நோன்பு திறந்து, தக்பீர் ஒலிக்க, தையற்கடைக்கும் இறைச்சிக்கடைக்கும் ஓடினேன். சந்தோசத்தில் கால் தரையில் படவில்லை. கடிதம் எழுதத் தேவையில்லை என்று முடிவெடுத்தேன். அந்த முடிவை இன்னொரு மனிதருக்குச் சொல்ல வேண்டும் என்பது என் தலையில் எந்த மூலையிலும் இருக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் மைதானத்தில் தொழுதோம். மாலை மூன்றரைக்கு அதே மைதானத்தைச் சுற்றிப் புதுச் சட்டைகள். பெண்கள் பக்கத்தில் மெய்யாகவே பந்தல். இப்படி ஒரு சனத்தை எங்கள் கழகம் கண்டதில்லை. கோல் காப்பாளர் கையுறையைப் போட்டுக்கொண்டு கம்பத்துக்குக் கம்பம் நடந்தார்.

நாலு மணிக்கு எதிர்ப்பக்கம் வெறுமையாக இருந்தது. வரும் வழியில் முந்தல் பக்கம் நெரிசலாக்கும் என்றேன். நாலேகாலுக்கு நடுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அவர்களுடைய செயலாளரை அழைக்கக் கைப்பேசியை எடுத்தேன். நேற்று மஃரிப் தொழுகையில் இருந்து வந்த ஈத் முபாரக் படங்கள்: ரோசாப்பூ, பிறை, மினாரா, ஒட்டகம், மறுபடி ரோசாப்பூ. அவற்றைத் தள்ளிக்கொண்டே கீழே போனேன். நேற்று மாலை ஐந்தேமுக்காலில் அவருடைய செய்தி திறக்கப்படாமல் கிடந்தது. லீக்குக்கு அவர்கள் அனுப்பிய கடிதத்தின் படம். எங்கள் சகோதரக் கழகத்தின் பெருநாளை மதித்து ஆட்டத்தைத் தள்ளிவைக்கக் கோருகிறோம் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, முத்திரை குத்தியிருந்தார்கள். அதற்குக் கீழே: "உங்கடயும் போட்டாச்சுதானே நானா? குடும்பத்துக்குப் பெருநாள் வாழ்த்துகள்."

 அழைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே எடுத்தார். பின்னால் கடல் இரைந்தது.

"என்ன நானா, சாப்பிட்டாச்சா?"

சொன்னேன். ஆட்டம் இன்றைக்குத்தான் என்றும், நான் கடிதம் போடவில்லை என்றும்.

"நாங்க இஞ்ச வலை இழுத்துக்கொண்டு நிக்கிறம். பொடியன்கள் பாதிப் பேர் தண்ணிக்குள்ள. இப்ப வெளிக்கிட்டாலும் ரெண்டு மணித்தியாலம். நீங்க நடுவரிட்டயும் லீக்கிலயும் நடந்ததச் சொல்லுவீங்கதானே, நானா?"

நாலரைக்கு நடுவர் என்னிடம் வந்தார். வராத கழகம் மூன்றுக்குப் பூச்சியத்தால் தோற்றது என்று எழுதலாம். அல்லது வந்திருக்கும் கழகம் கேட்டுக்கொண்டால், மறுபடி ஆட வைக்கும்படி எழுதலாம். எதை எழுதுவது என்று கேட்டார். எங்கள் பொடியன்கள் சுற்றி நின்றார்கள். நடந்ததை அவர்களுக்குச் சொன்னேன். மறுபடி ஆடுவதென்றால் அந்த இரண்டு வெளிநாட்டுக்காரர்களும் இருக்கமாட்டார்கள். கோல் காப்பாளர் கையுறையின் பட்டியை அவிழ்த்தார், திரும்பக் கட்டினார்.

பகிடி ஒன்றும் வரவில்லை. மூன்றுக்குப் பூச்சியம் என்று எழுதுங்கள் என்றேன். நடுவர் எழுதினார். நாங்கள் லீக்கில் நின்றோம். அவர்கள் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள்; அவர்களுடைய பொடியன்களின் ஒப்பந்தங்கள் அந்த மாதத்தோடு முடிந்தன.