என் எரிமலையும் அவர் விதைச் சோளமும்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். தீர்ப்புச் சொல்ல வேண்டாம். நடந்ததைக் கேட்டு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

சமயநல்லூர் வாசகசாலையில் அன்று சொற்போர். எரிமலை உலகுக்கு நன்மையா, தீமையா என்பது பொருள். மதுரைக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த எனக்குத் தீமைக் கட்சி. சாம்பல் மூடிய நிலம் சில ஆண்டுகளில் செழித்துக் காடாகும் என்று எதிர்க்கட்சி நண்பன் நன்றாகவே பேசினான். நான் வானத்தைப் பிடித்துக்கொண்டேன். பெரிய எரிமலை வெடித்தால் நுண்தூசி மேகங்களுக்கும் மேலே ஏறி உலகைச் சுற்றும். கதிரவனின் வெப்பத்தைத் தடுக்கும். கடல் கடந்த நாடுகளிலும் கோடை குளிரும், பயிர் பனியில் கருகும், அந்திவானம் இரத்தமாய்ச் சிவக்கும். இவ்வளவும் நூலில் படித்தவை. கைதட்டல் எனக்குப் போதவில்லை. நாகமலைப் பக்கம் கையை நீட்டி, "நான்கு நாளாய் அந்தச் செவ்வானத்தைக் காணவில்லையா? எங்கோ ஒரு மலை வெடித்துவிட்டது. இவ்வாண்டு மழை பொய்க்கும்!" என்று முழங்கினேன். அது எந்த நூலிலும் இல்லை.

வெற்றி எனக்கே.

வெளியே ஒருவர் காத்திருந்தார். காலமெல்லாம் பிறர் வயலில் கூலிக்கு உழைத்தவர். அந்த ஆண்டுதான் முதன்முதலாக ஒரு துண்டுப் புஞ்சையைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார். புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே சோளம் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருப்பது அங்கே வழக்கம். மழை இறங்கிய பின், சேறு இறுகும் வரை அந்தக் களிமண்ணில் ஏர் ஓட்ட முடியாது; அதற்குள் சோளத்தின் பருவம் தப்பிவிடும்.

"தம்பி, இருக்கிறது இம்புட்டு விதைதான். போட்டு மழை வரலைன்னா எறும்புதான் திங்கும். நெசமாவே பொய்ச்சிருமா?"

தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. "பொய்க்கும்" என்றேன்.

அவர் போனதும், நண்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டே சிரித்தான். "எந்த மலை மாப்ள வெடிச்சுச்சு? காஞ்ச காட்டுப் புழுதிய காத்து கெளப்புது. அதுக்கா இம்புட்டுப் பேச்சு?"

அன்று தொடங்கியது என் பதைப்பு. காலையில் செய்தித்தாளில் எரிமலை தேடினேன். மாலையில் மதுரையின் மேற்கே காளவாசல் வரை நடந்து வானம் பார்த்தேன். மழை வந்தால், என் பேச்சை நம்பி விதைக்காத அவர் கெட்டார். வராவிட்டால் ஊரே கெடும். சமயநல்லூருக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாளை, நாளை என்று தள்ளினேன். ஒரு மாலை, திரண்ட மேகம் கலைந்தபோது என் நெஞ்சு மகிழ்ந்தது. அதைக் கண்டு நானே நடுங்கினேன்.

ஐப்பசி பிறந்ததும் ஒரு வாரம் அடைமழை. விட்டதும் சமயநல்லூருக்கு ஓடினேன். சுற்றிலும் புஞ்சைகளில் சோளம் முளைத்திருந்தது. அவருடையது மட்டும் வெறும் சேறு. அவர் வரப்பில் நின்றார். அவர் மனைவிதான் பேசினார்.

"வாங்க தம்பி. அந்த எரிமலைச் சாம்பல் கொஞ்சம் கொண்டாந்தீகளா? ஏனம் வெளக்க ஆகும்."

"விடு புள்ள. ஈரம் இருக்குது, கார்த்திகையில கொள்ளுப் போட்டுக்கிறலாம்" என்றார் அவர், என் முகத்தைப் பாராமல்.

அன்று மாலையே வாசகசாலை மேடையில் ஏறினேன். நான் அழைத்ததற்காக அவரும் வந்து கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார்.

"அண்ணே, எந்த மலையும் வெடிக்கலை. மழை பொய்க்கும்னு ஒண்ணும் தெரியாமலே சொன்னேன். கார்த்திகையில நீங்க கொள்ளு வெதைக்கிற அன்னிக்கு, ஏருக்குப் பின்னால வெதை போட நான் வாரேன். அது வெளைஞ்சு, நீங்களாக் கூப்பிடுற வரைக்கும் இந்த மேடையில ஏற மாட்டேன்."