பேண்ட்டுக்கு அளவெடுத்த சைக்கிளில் பேரையூருக்கு அப்பால்

பேரையூர்ப் பக்கத்து மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டிப் பார்க்க ஆசை, சீட்டை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இதைப் பற்றிப் பேச எனக்கு முழுத் தகுதி உண்டு. 1981 மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சீட்டைத் தப்பாக வைத்ததால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில் ஒரு பஞ்சாலையில் எழுத்தர் வேலை. அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதாக வந்த இடம் பேரையூருக்கு மேற்கே ஆறு கிலோமீட்டரில் ஒரு கிராமம். பெண்ணின் பெயர் பாண்டியம்மாள், சுற்றியுள்ள ஐந்து ஊர்களுக்கும் அவர்தான் நர்சம்மா. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து இந்த இடமாவது அமைய வேண்டும் என்று மீனாட்சியம்மனைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் பெண் பார்க்க முதல் நாளே போய்விட்டார்கள். எனக்குச் சனிக்கிழமை லீவு கிடைக்கவில்லை. அந்த ஊருக்கு பஸ்ஸும் கிடையாது. ஆகவே சைக்கிள்.

சைக்கிளைக் கொடுத்தது காசிம். பள்ளிக்கூடத்திலிருந்து நண்பன், கோரிப்பாளையத்தில் தையல் கடை வைத்திருந்தான். அன்று நான் போட்டிருந்த பெல்பாட்டமும் அவன் தைத்ததுதான். தொடையில் தோலோடு தோலாக ஒட்டி, கணுக்காலில் பாவாடையாக விரியும் டெரிகாட்டன். காலையில் கடை வாசலில் இஞ்ச் டேப்பும் ஸ்பானருமாக உட்கார்ந்திருந்தான்.

"சீட்டு ஒசரமா இருந்தா எக்கிக் காலூணணும் மாப்ள, தையல் விட்டுரும். அதான் அடியோட எறக்கிட்டேன். சீட்டு மூக்கையும் மேல தூக்கி வச்சிருக்கேன். முன்னால வழுக்க மாட்ட, டக் பண்ணுன சட்டை வெளிய வராது. இன்ஷா அல்லா, இஸ்திரி கலையாமப் போயி எறங்குவ!"

நானும் தலையாட்டினேன். அவன் அளவெடுத்தது என் காலை அல்ல, பேண்ட்டை என்பது பதின்மூன்று கிலோமீட்டர் மிதித்த பிறகுதான் உறைத்தது.

காலை 6.40க்கு பஸ். சைக்கிளைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். எனக்கு மூன்று ரூபாய், சைக்கிளுக்கு ஒரு ரூபாய். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் கடந்து டி. கல்லுப்பட்டியில் இறங்கும்போது மணி 8.15. டீ, பன் இரண்டும் சேர்த்து அறுபது பைசா. அங்கிருந்து பேரையூருக்கு ஏழு கிலோமீட்டர் தார் ரோடு. பாதி வழியிலேயே முழங்கால் முனக ஆரம்பித்தது. சீட்டின் மூக்கு எங்கே குத்தியது என்று விளக்கமாக எழுத மாட்டேன். குடும்பத்தோடு படிக்கிற பதிவு இது.

பேரையூருக்கு மேற்கே வண்டிப்பாதை. கரிசல் காய்ந்து, மாட்டுவண்டிச் சக்கரம் பதிந்த இரண்டு பள்ளங்கள் இறுகிக் கிடந்தன. பள்ளத்தில் போனால் பெடல் விளிம்பில் இடிக்கும். மேலே ஏறினால் ஒவ்வொரு மண்கட்டியும் சீட்டு வழியாக மண்டைக்கு வரும். நானோ அய்யனார் சிலை மாதிரி விறைப்பாக உட்கார்ந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டேன். எதிரே விறகுக்குப் பருத்திமார் ஏற்றி வந்த வண்டிக்காரர் மாட்டை நிறுத்திவிட்டார்.

"என்னண்ணே, முட்டி ரெண்டும் தாடைக்கு வருது? எறங்கி உருட்டிட்டுப் போங்க, வெரசாப் போயிருவீக."

சொன்னால் யார் கேட்டார்கள்? ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றே கால் மணி நேரம் ஆனது.

பெண் வீட்டு வாசலில் இறங்கியபோது இஸ்திரி உண்மையிலேயே கலையவில்லை. ஆனால் கால்கள் இரண்டும் சேர மறுத்தன. இருபது உறவினர்கள் பார்க்க, அகட்டி அகட்டி நடந்து போனேன். நாற்காலியில் முழுசாக உட்கார முடியாமல் ஓரத்தில் ஒருக்களித்துச் சாய்ந்தேன். பாண்டியம்மாளின் அப்பா என் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியம் பேசினார். காட்டில் நின்று மாட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல், தெருவுக்கே கேட்டது.

"தப்பா நெனைக்காதீக. மாப்ளைக்குக் குடல் எறக்கம் எதும் இருக்கா?"

"அய்யோ, முந்தாநாள்கூட ஓடிப்போயி பஸ் ஏறுனானே!" என்றார் என் அம்மா.

"சரி, சாப்புட்டுக் கெளம்புங்க. யோசிச்சு லெட்டர் போடுறோம்," என்றார் பெண்ணின் அப்பா.

அந்த மாதிரி லெட்டர் எந்தத் தபால்காரரிடமும் வருவதில்லை. ஏற்கெனவே இரண்டுக்காகக் காத்திருந்தவன் நான்.

காபி கொண்டுவந்த பாண்டியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. வேப்பமரத்தில் சாய்த்திருந்த சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு நேரே அதனிடம் போனார்.

"அப்பா, வியாதி இவருக்கில்ல. இந்தச் சீட்டப் பாருங்க. இதுல வந்தா பயில்வானுக்கும் இப்படித்தான் ஆகும்."

திண்ணையோரம் நின்ற தன் சைக்கிளின் பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். என்னை ஏறி உட்காரச் சொல்லி, குதிகாலைக் கீழ்ப்பெடலில் வைக்கச் சொன்னார். "இப்பக் கால் நேரா நீளணும். முன்பாதத்துல மிதிக்கையில முட்டி லேசா மடங்கும், அதான் அளவு." சீட்டு ஒரு சாண் மேலே போனது. மூக்கு தரைக்குச் சமமாக இறங்கியது. ஹேண்டில்பாரையும் தட்டி இறக்கினார். தினமும் அதே பாதையில் மருந்துப்பெட்டியோடு போகிறவர் அவர். "கட்டி மண்ணுல சீட்டுல உக்காரவே கூடாது. ரெண்டு பெடலையும் சமமா வச்சு எந்திரிச்சு நில்லுங்க. முழங்கை, முட்டி ரெண்டையும் தொளதொளன்னு விடுங்க. ஓடையில எறங்குறப்ப இடுப்பப் பின்னால தள்ளுங்க. முன் பிரேக்க மட்டும் தொட்றாதீக."

"அப்பச் சரி," என்றார் அவர் அப்பா. "ஓடை வரைக்கும் போயி வரட்டும். வந்து எறங்கி நேரா நடந்துட்டார்னா தட்ட மாத்திக்குவோம்."

அரைக் கிலோமீட்டர். சொன்னபடியே எழுந்து நின்றேன். என்ன ஆச்சரியம்! கட்டிகள் சைக்கிளுக்கு அடியில் போயின, மண்டைக்கு வரவில்லை. வலிகூட மறந்துபோனது. ஓடைச் சரிவில் இடுப்பைப் பின்னால் தள்ளினேன். டர்ர் என்று ஒரு சத்தம். இடுப்பிலிருந்து அடிவரை பின்தையல் முழுசாகப் பிரிந்துவிட்டது.

திரும்பி வாசலுக்கு வந்தேன், இறங்கவில்லை. சீட்டில் உட்காராமலே வேப்பமரத்தை ஒரு சுற்று சுற்றினேன். இரண்டாவது சுற்று. இறங்கினால் மானம் போகும், இறங்காவிட்டால் பெண் போகும்.

"பாத்தியா, எறங்க முடியல," என்றார் அவர் அப்பா. என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் பாண்டியம்மாள் என் முதுகுப்பக்கத்தைப் பார்த்துவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தன் அப்பாவின் தோளில் கிடந்த துண்டை உருவி என் மேல் எறிந்தார். இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கி நடந்தேன். கால் இன்னும் எரிந்தது, ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தேன்.

"ஒனக்கு என்னத்தா தோணுது?" என்று கேட்டார் அவர் அப்பா.

"எந்திரிச்சு நில்லுங்கன்னா நிக்கிறாரு. பேண்ட்டு கிழிஞ்சாலும் உக்காரல. போதும்ப்பா."

போகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாதை இப்போது தார் ரோடு, மண்பாதை வேண்டுமென்றால் கண்மாய்க்கரை வழியாகத் திரும்புங்கள். காலை ஏழுக்குள் கிளம்பினால் வெயிலுக்கு முன் வந்துவிடலாம், இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், கரிசல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. சீட்டை உங்கள் காலுக்கு வையுங்கள், தொளதொளப்பான உடுப்புப் போடுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஆட்டோவில் போவது உத்தமம். நான் அப்படி வசதியாகப் போய் இறங்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று பாண்டியம்மாளிடம் கேட்க நாற்பது வருஷமாக நினைக்கிறேன். இன்னும் தைரியம் வரவில்லை.