கட்டில் பெட்டிக்குள் முதலாளி

ராவுத்தர் பெட்டிக்குள் மாட்டிக்கொண்ட அன்று, நான் அந்தக் கடையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. விற்பனை வேலைக்கு வரும் இளையவர்கள் யோசனை கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் இம்முறை எழுதியே வைக்கிறேன்.

கடையும் முதலாளியும்

பினாங்கில் கடற்கரைத் தெருவில், கப்பல்துறைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்தது சிக்கந்தர் ராவுத்தரின் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. பயணச் சாமான்கள் மட்டுமே விற்போம். மடித்தால் சட்டைப் பையில் அடங்கும் டம்ளர், கைத்தடிக்குள் ஒளிந்திருக்கும் குடை, குலுங்கினாலும் சிந்தாது என்று எழுதியிருக்கும் மைக்கூடு, ஸ்பிரிட் அடுப்பு, படுக்கையைச் சுருட்டிக் கட்டும் ஹோல்டால். எல்லாம் சீமையிலிருந்து வரும். மேலே ஒட்டியிருக்கும் இங்கிலீஷ் லேபிளைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்றுதான், பாதிரிமார் பள்ளியில் ஏழாவது வரை படித்த என்னை ராவுத்தர் எடுத்துக்கொண்டார். அந்த வேலைக்காக என் அப்பா பல மாதம் நடையாய் நடந்திருந்தார்.

முதல் நாளே ராவுத்தர் எனக்கு ஒரே ஒரு விதியைச் சொல்லிவிட்டார். கடையில் உள்ள எந்தச் சாமானைப் பற்றியும் குறை என்று ஒரு சொல் வாயில் வரக்கூடாது. அவர் குட்டையான, பருமனான, நல்ல மனிதர். சின்ன வயதில் ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி வரும்போது வழியெல்லாம் வாந்தி எடுத்தாராம். இறங்கியவர் அப்புறம் எந்தக் கப்பலிலும் ஏறவில்லை. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குக்கூட பெர்ரியில் போகமாட்டார். அப்படிப்பட்டவர்தான் வாடிக்கையாளரிடம், "இது இல்லாம எப்படிங்க கப்பல்ல போவீங்க?" என்று கண் கலங்காத குறையாகக் கேட்பார்.

எனக்கு லேபிளில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப மனம் வராது. கூட்டமில்லாத மத்தியானங்களில் ஒவ்வொரு சாமானாகப் பின்கட்டுக் குழாயடிக்கு எடுத்துப்போய் உபயோகித்துப் பார்ப்பேன். ராவுத்தரோ நான் சாமான்களைக் கழுவித் துடைத்து வைக்கிறேன் என்று நினைத்து, பக்கத்துக் கடைக்காரரிடம் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டி மடங்கியது

அந்த நாளில் கடைக்கு வந்தவர்கள் ஒரு கணவனும் மனைவியும். அவர் சுங்கை பட்டாணிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கர். பெயர் வேலாயுதம். அந்த அம்மாள் பெயர் லட்சுமி. தம்பி மகள் கல்யாணத்துக்காக அன்று மாலைக் கப்பலில் நாகப்பட்டினம் போகிறார்கள். கிராணிக்கு இடுப்பு வலி. கப்பல் தளத்தில் பாயை விரித்துப் படுத்தால் ஊரில் இறங்கும்போது தூக்கித்தான் இறக்கவேண்டும் என்றார் அம்மாள்.

ராவுத்தர் முகம் மலர்ந்தது. கடையின் நடுவில் எல்லோரும் பார்க்கும்படி வைத்திருந்த கட்டில் பெட்டியைக் காட்டினார். மூடியிருந்தால் அது பெரிய தோல் பெட்டி. திறந்து விரித்தால் மெத்தை தைத்த கட்டில். மெத்தை பூஞ்சை பிடிக்காமலிருக்க இரண்டு பக்கமும் காற்றுப் போகப் பித்தளை வலை. மூடினால் பூட்டு தானாக விழுந்துவிடும். கடைக்கு அந்த ஒன்றுதான் வந்திருந்தது. அதுவும் வெகுகாலமாக விற்கவில்லை.

கிராணிக்குப் பிடித்துவிட்டது. அம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, யாராவது படுத்துக் காட்டினால்தான் நம்புவேன் என்றார். நான் நெட்டை. நான் படுத்தால் கால் வெளியே நீண்டு வியாபாரம் கெட்டுவிடும் என்று ராவுத்தருக்குப் பட்டது. தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, தாமே ஏறிப் படுத்தார். கைகளை வயிற்றின்மேல் கோத்துக்கொண்டு, கடல் காற்றில் இதில் படுத்தால் வீட்டு நினைப்பே வராது என்று பேசிக்கொண்டிருந்தார்.

அம்மாளின் கண் பக்கவாட்டில் தொங்கிய தோல் பட்டைமேல் விழுந்தது.

"இது எதுக்குங்க?"

"அதை இழுத்தா தானா மடங்கும்மா. சின்னப்புள்ள இழுத்தாக்கூட மடங்கும்."

அம்மாள் இழுத்தார்.

அதற்கு முன் நான் எத்தனையோ தடவை அந்தப் பெட்டியை மடக்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட முழங்காலால் அழுத்தாமல் மடங்கியதில்லை. அன்று கால் பக்கமும் தலைப் பக்கமும் ஒரே மூச்சில் எழுந்து, நடுவில் சந்தித்து, பூட்டு 'டக்' என்று விழுந்தது. லேபிளில் இருந்த படத்தைப் போலவே பெட்டி கச்சிதமாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பிறகு பித்தளை வலைக்குள்ளிருந்து ராவுத்தரின் குரல் வந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு லேசா மடங்குது?"

நான் ஓடிப்போய் வலையில் வாயை வைத்து, சாவி எங்கே என்று கேட்டேன். இடுப்பு வாரில் இருக்கிறது என்றார். எடுக்க முடியுமா என்றேன். தம் கை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார். முகத்துக்கு நேரே முழங்கால் இருப்பது மட்டும் தெரிகிறதாம். நான் கடப்பாரையைத் தேடிப் போனேன். நான் சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டதும் உள்ளே பதற்றம் வந்துவிட்டது. பெட்டியில் ஒரு கீறல் விழக்கூடாது, விலைபோகும் நேரத்தில் கெடுத்துவிடாதே என்று கெஞ்சினார். கடைசியில் கிராணிதான், அடுத்த தெருவில் பூட்டுத் திறக்கும் சீனர் ஒருவர் இருப்பதாகச் சொல்லி, இடுப்பைப் பிடித்துக்கொண்டே அவரைக் கூப்பிடப் போனார்.

காது கேட்டது

அம்மாள் பெட்டியருகே குனிந்தார். மூச்சு விட முடிகிறதா என்று பெட்டியிடம் கேட்டார். காற்று தாராளமாக வருகிறது, வலை அசல் இங்கிலாந்து வேலை என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு மெல்ல ஒரு முனகல் வந்து அடங்கியது.

அம்மாள் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நெசத்தைச் சொல்லு. கப்பலுக்கு உருப்படியா இந்தக் கடையில என்னதான் இருக்கு?"

ராவுத்தர் செத்துப்போனால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். அந்தப் பயத்தில் விதி மறந்துவிட்டது. குழாயடியில் கண்டதையெல்லாம் சொன்னேன். மடக்கு டம்ளரில் பாதிக்கு மேல் தண்ணீர் விட்டால் அது மடியிலேயே மடங்கிவிடும். கைத்தடிக் குடை விரியும், ஆனால் திரும்ப மூடாது, வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக முடியாது. மைக்கூடு குலுங்கினால் சிந்தாது என்பது உண்மைதான், குலுங்காமல் இருக்கும்போதுதான் சிந்தும்.

அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். நல்லதாக ஒன்றுமே இல்லையா என்றார். இருக்கிறது என்றேன். கேன்வாஸ் வாளி சொட்டுத் தண்ணீர் ஒழுகாது. ஸ்பிரிட் அடுப்பு காற்றிலும் எரியும். பின்னால் மூலையில், பார்க்க லட்சணமில்லை என்று ராவுத்தர் சாக்கு போட்டு மூடி வைத்திருக்கும் வெறும் கேன்வாஸ் கட்டில் ஒன்று உண்டு. யானை படுத்தாலும் தாங்கும்.

"அப்ப இந்தக் கட்டில் பெட்டி?"

"இது கட்டிலாவும் சரியில்லம்மா, பெட்டியாவும் சரியில்ல."

"தம்பி," என்றது பெட்டி. "எனக்குக் காது கேக்குது."

என் வேலை அந்த இடத்திலேயே போய்விட்டது என்று நினைத்தேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். அம்மாளோ எதுவும் நடக்காதது போல எழுந்து, அந்தக் கேன்வாஸ் கட்டிலையும் ஒரு வாளியையும் அடுப்பையும் எடுத்துக் கட்டச் சொன்னார். நான் கயிறு கட்டி முடிக்கும் சமயம் பெட்டியிலிருந்து மறுபடியும் குரல் வந்தது. இந்தத் தடவை கொஞ்சம் பணிவாக.

"ஹோல்டாலையும் காட்டு தம்பி."

அம்மாள் என்னைப் பார்த்தார். அது நன்றாக உழைக்கும் என்றேன். உண்மை அதுதான். அவர் அதையும் எடுத்துக்கொண்டார்.

பூட்டுத் திறந்தது

கிராணி பூட்டுக்காரரோடு வந்து சேர்ந்தார். உள்ளே ஆள் இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "மெதுவா, மெதுவா," என்றது பெட்டி. அவர் பயந்துபோய், கடை வாசலை ஒட்டிய ஐந்தடிப் பாதையின் தூண்வரை போய்விட்டார். ராவுத்தர் உள்ளிருந்தே மலாயில் நலம் விசாரித்து, தாம் மனிதன்தான் என்று விளக்கிய பிறகுதான் திரும்பி வந்தார். கம்பியை விட்டு இரண்டு திருகு திருகினார். பூட்டு திறந்துகொண்டது.

வெளியே வந்தும் ராவுத்தர் பெட்டிக்குள் இருந்த வடிவிலேயே இருந்தார். நிமிர முடியவில்லை. இடுப்பு வலியில் அனுபவப்பட்ட கிராணி, அவரை உடனே எதிலாவது மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும் என்றார். நான் கட்டிய கயிற்றை அவிழ்த்து, கேன்வாஸ் கட்டிலை விரித்தோம். அதில் அவரைக் கிடத்தி, கிராணி தம் பையிலிருந்த தைலத்தை இடுப்பில் தேய்த்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ராவுத்தரின் கால் நீண்டது. கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அத்தனை வருடம் கட்டில் விற்றவர், தம் கடைக் கட்டில் ஒன்றில் நிம்மதியாகப் படுத்தது அன்றுதான்.

"இது நல்லாருக்குலா," என்றார் மெல்ல.

கப்பலுக்கு நேரமாகிவிட்டது. கட்டில் விற்றுப்போனது என்பதை அவருக்கு நினைவூட்டி, நாங்கள்தான் எழுப்பவேண்டியிருந்தது. மனசே இல்லாமல் எழுந்தார்.

அவர்கள் போன பிறகு நான் தொப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று காத்து நின்றேன். அவர் சாமான்கள் போன காலி இடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளிடம் தாம் பேசியிருந்தால் எதை வாங்கியிருப்பார் என்று என்னைக் கேட்டார். ஒன்றும் வாங்கியிருக்கமாட்டார் என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டு, மறுநாள் சீக்கிரம் வரச் சொன்னார்.

மறுநாளிலிருந்து புது ஏற்பாடு. வாடிக்கையாளர் தயங்கினால் ராவுத்தர் தொப்பியை மாட்டிக்கொண்டு, அவசர ஜோலி இருப்பதுபோல் வெளியே போய்விடுவார். நான் குறையைச் சொல்லவேண்டும். முதலில் குறை, பிறகுதான் நிறை. பின்னாளில் சொந்தக் கடை வைத்தபோதும் இந்த வரிசையை நான் மாற்றவில்லை. இளையவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: கெட்டதைக் கெட்டது என்று சொன்ன வாயால் நல்லது என்று சொன்னால் ஆட்கள் நம்புகிறார்கள். வேறு ரகசியம் எனக்குத் தெரியாது.

ஆனால் ராவுத்தரால் தூரமாகப் போகமுடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு நாள் தைப்பிங் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரிடம், ஊதிப் படுக்கும் ரப்பர் தலையணையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் அசருவதற்குள் காற்று இறங்கிவிடும் என்றேன்.

"விடியிற வரைக்கும் நிக்கும்," என்றது ஜன்னல்.

வாத்தியார் திடுக்கிட்டு, யார் அது என்றார்.

"முதலாளி," என்றேன். "அதை அவர் நம்பித்தான் சொல்றாரு சார். நீங்க ஹோல்டாலைப் பாருங்க."