மூன்றாம் ஓலை கேட்கப் பழவேற்காட்டுக்கு

சென்னப்பட்டணத்திலிருந்து பழவேற்காடு மூன்றரைக் காதம். இரண்டு காதம் மாட்டுவண்டி, மீதிக்கு ஏரியில் படகு. அங்கே கோட்டைமேல் உலாந்தாக்காரர் என்கிற டச்சுக்காரர் கொடி பறந்த நாட்களில், என் இருபத்தைந்தாம் வயதில், ஒரே ஒரு தடவை போய்வந்தேன். போகாதவர்களுக்காகவும், இனிமேல் போக முடியாத என் முழங்கால்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

அப்போது நான் கிறிஸ்தவப் பள்ளி வாத்தியார். மாதம் ஒன்றரை வராகன் சம்பளம். பழவேற்காட்டு எஸ்தரை எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள். முந்தைய வருஷம் அவள் எங்கள் தெருவில் அத்தை வீட்டில் எட்டு மாதம் தங்கியிருந்தாள். கோயிலில் பாட்டு எடுத்துக்கொடுப்பவள் அவள்தான். என் குரல் சுருதி விலகினால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் அடிக்கடி சுருதி விலகினேன்.

எங்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்பார்கள். இரண்டு ஓலை எங்கள் கோயிலில் வாசித்தாயிற்று. மூன்றாவதைப் பெண்ணின் ஊரில் வாசிப்பதாகப் பேச்சு. அதற்கு மாப்பிள்ளை போகவேண்டியதே இல்லை. ஆனால் அவள் பேரும் என் பேரும் ஒரே மூச்சில் வாசிக்கப்படுவதை, அவள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு பைத்தியம்.

வெள்ளிக்கிழமை விடிவதற்கு ஐந்து நாழிகை இருக்கும்போது வண்டி கட்டினோம். படகுத்துறை இருக்கும் காட்டூருக்கு மூன்று பணம் கேட்ட வண்டிக்காரன் இரண்டரைக்குப் படிந்தான். திருவொற்றியூர் தாண்டியதும் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. பாதி வழி நானும் தள்ளினேன். மடியில் எஸ்தருக்கு வாங்கிய சிவப்புப் பட்டு இருந்தது. நெசவுக்குப் பேர்போன ஊருக்குத் துணி சுமந்து போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று வண்டிக்காரன் மீஞ்சூர் வரை சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பொழுது சாயும்போது காட்டூர். அறுப்பு முடிந்த கழனிகளில் வைக்கோல் வாசம். ஒரு உழவர் வீட்டில் கேழ்வரகுக் கூழும் படுக்க இடமும் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. உறவுசனம் இல்லாமல் தனியாகப் போகிற மாப்பிள்ளையை எங்கேயும் கண்டதில்லை என்று அந்த வீட்டம்மாள் கேலி செய்தார். எனக்கு அதுவும் இனித்தது.

சனிக்கிழமை காலை ஏரியில் படகு ஏறினேன். முக்கால் பணம். படகுக்காரன் ஏகாம்பரம், கோட்டைக்குப்பத்து மீனவன், என் வயதுக்காரன். முழங்கால் ஆழத் தண்ணீரில் பூநாரைகள் கூட்டமாக மேய்ந்தன. மூன்றாம் ஓலை வாசித்ததுமே கல்யாணம் என்று எண்ணிக்கொண்ட ஏகாம்பரம் கழி ஊன்றியபடியே, திரும்பிப் போகும்போது பெண்ணையும் மாப்பிள்ளையையும் தானே கூலி இல்லாமல் கொண்டுவிடுவதாகச் சொன்னான். உச்சி வேளையில் கோட்டை தெரிந்தது. முகத்துவாரத்துக்கு அப்பால் இரண்டு கப்பல்களின் பாய்மரங்கள், கரையில் சுண்ணாம்பு அடித்த கிடங்குகள், வெயிலில் விரித்திருந்த சாயத்துணிகள். அவ்வளவு அழகான ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு பார்த்த ஊர்களையும் அந்த நாளின் கண்ணோடு பார்க்க முடியவில்லை.

மூன்றாம் ஓலை வாசிக்கும்வரை மாப்பிள்ளை பெண்வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அதனால் ஏகாம்பரத்தின் குடிசையிலேயே தங்கினேன். அவன் மனைவி கன்னியம்மா இறால் குழம்பு வைத்தாள். மடியிலிருந்த சிவப்புப் பட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

ஞாயிறு காலை கோட்டைக் கோயில். உலாந்தா பாதிரியின் ஆராதனை முடிந்தபின் தமிழருக்கு உபதேசியார் வாசிப்பார். ஆண்கள் பக்கத்தில் கடைசிப் பாயில், தூணோரம் உட்கார்ந்தேன். பெண்கள் பக்கத்தில் எஸ்தரின் பின்னல் தெரிந்தது. உபதேசியார் ஓலையைப் பிரித்தார். முதலில் அவள் பேர். அடுத்து என் பேர் அல்ல. யாழ்ப்பாணத்து உலாந்தாக் கிடங்கில் எழுத்து வேலை பார்க்கும் ஒருவருடைய பேர். முதல் ஓலை என்றார். தடை தெரிந்தவர்கள் எழுந்து சொல்லலாம் என்றார்.

எனக்குத் தடை தெரிந்திருந்தது. எழுந்து நின்று, இவள் எனக்கு நிச்சயமானவள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் கல்யாணம் நின்றுவிடும். பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தேன். அப்போது எஸ்தர் திரும்பினாள். சுருதி விலகியவனைத் தேடுவதுபோல நேராகத் தூணோரம் பார்த்தாள். என்னைக் கண்டதும் முகம் வெளுத்தது. கைகளைக் குவித்து, வேண்டாம் என்று தலையசைத்தாள். நான் எழவில்லை. உபதேசியார் அடுத்த ஓலைக்குப் போய்விட்டார்.

வாசலில் அவள் தகப்பனார் என்னைப் பிடித்துக்கொண்டு, வந்த இடம் நல்ல இடம், எஸ்தரும் சம்மதித்துவிட்டாள், பத்து நாள் முன்பே உமக்குக் கடிதம் அனுப்பினேனே என்றார். அது வந்து சேரவில்லை. நான் அவருக்குத் தோத்திரம் சொல்லி விடைபெற்று நடந்தேன். கோபம்கூட வரவில்லை.

கரையில் ஏகாம்பரம் படகைக் கழுவி, பெண் உட்காரும் இடத்தில் புதுப்பாய் விரித்து வைத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். பாயைச் சுருட்டி ஓரம் வைத்துவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு நடு ஏரிக்குப் போனான். அங்கே கழியைக் குறுக்கே வைத்துவிட்டுக் கேட்டான்.

"உங்க சாமிகிட்ட இன்னா சொன்ன வாத்தியாரே?"

"அவர் சித்தம் அப்படி. நான் என்ன சொல்றது?"

"அது நீ புள்ளைங்களுக்கு சொல்றது. எங்களுக்கு நாலு நாள் வலை வெறுசா வந்தா, அம்மன் எதிர்ல நின்னு திட்டுவோம். கண்ணு இன்னா அவிஞ்சு போச்சான்னு கேப்போம். கேக்க ஒருத்தி கீறான்னுதானே திட்றோம்? இல்லாதவள யாரு திட்டுவா?"

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலையில் பாசி எடுக்க ஆரம்பித்தான். நான் எழுந்து நின்றேன். படகு ஆடியது. உட்கார்ந்து திட்டு, கவுந்துடும் என்றான் திரும்பாமலே.

உட்கார்ந்தே திட்டினேன். தினமும் விடியலில் முழங்காலில் நின்று அவளைத் தாரும் என்று கேட்டேனே, ஒரு நாளாவது இல்லை என்று சொன்னீரா என்று ஆண்டவரைக் கேட்டேன். தரப்போவதில்லை என்றால் அவள் பாட்டுக்குப் பக்கத்தில் என்னை ஏன் நிறுத்தினீர் என்று கேட்டேன். நான் என்ன கல்லா என்று கேட்டேன். பிறகு அழுகைதான் வந்தது. ஏகாம்பரம் பாசி எடுத்துக்கொண்டே இருந்தான்.

பதில் ஒன்றும் வரவில்லை. ஆனால் வெறும் தண்ணீரைப் பார்த்துப் பேசியதுபோலவும் இல்லை. சின்ன வயதில் அப்பாவோடு சண்டை போட்டு, அவரை அடித்து, அவர் தோளிலேயே தூங்கிப்போவேன். அப்படி இருந்தது. பிள்ளைகளைப் பிரம்பைக் காட்டி மனப்பாடம் செய்ய வைத்த வேதாகமச் சங்கீதங்களில் பாதி, பக்தர்கள் கடவுளிடம் போட்ட சண்டைதான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அதுவரை விளங்காமலே பாடம் நடத்தியிருக்கிறேன்.

திங்கள் காலை குடிசையிலிருந்து கிளம்பும்போது பட்டைக் கன்னியம்மாவுக்குக் கொடுத்தேன். வேறொருத்திக்கு வாங்கியதைத் தான் கட்டுவதில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஏகாம்பரம் சொன்னபடி கூலி வாங்காமல் காட்டூரில் விட்டான். பெண் இல்லையே என்றேன். மாப்பிள்ளை இருக்கிறாரே என்றான்.

நான்கு வருஷம் கழித்து வேறொருத்தியோடு என் பேரை மூன்று ஓலையும் வாசித்தார்கள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்துவிட்டு அந்தப் பட்டில் இரண்டு தலையணை உறை தைத்தாள். நன்றாகத் தூக்கம் வருகிறது. ஆனாலும் ஏரிக்காற்றில் கலந்து வந்த சாயவேர் வாசமும் அந்தச் சனிக்கிழமை வெளிச்சமும் சில நாள் தேடிக்கொண்டு வந்துவிடும். வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்போது எங்கள் கோயிலில் ஓலை வாசிப்பவன் நான். தடை உண்டா என்று கேட்டபின், மனத்துக்குள் இருபது எண்ணும்வரை கடைசிப் பாய்களைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கிழவனுக்கு எழுத்து தெரியவில்லை என்று சபையில் நினைக்கிறார்கள். போன மாதம் தூணோரம் ஒருவன் பாயின் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தான். எழவில்லை. ஆராதனை முடிந்ததும் அவனைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், திட்டு என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பழவேற்காட்டு ஏரிபோல எங்கள் கடல் அமைதியானது அல்ல. அலை இரைச்சலில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்கும்.